திங்கட்கிழமைக்கு முன்னாலேயே முடிய வேண்டிய வேலை: மருத்துவப் பட மென்பொருள்காரர்களின் ஆண்டுக் கூட்டத்தைத் திட்டமிடுவது எப்படி?

[திரை: வயிற்றுப் பகுதி சிடி ஸ்கேன். கல்லீரல் தெளிவாகத் தெரிகிறது. ஒரு சிவப்பு உருண்டை மட்டும் சம்பந்தமில்லாத இடத்தில்.]

இந்தச் சிவப்பு உருண்டையைப் பாருங்கள். இது கல்லீரலுக்குள் இருக்க வேண்டிய கட்டி. ஒரு குழு தங்கள் மென்பொருளில் இதைச் சரியாகத்தான் குறித்திருந்தார்கள், முப்பரிமாண வடிவங்களுக்கான எஸ்டிஎல் கோப்பாகச் சேமித்து பென் டிரைவில் போட்டு அடுத்த மேசைக்குக் கொடுத்தார்கள். அடுத்த மேசைக்காரர் தன் மென்பொருளில் திறந்தால், கட்டி உடம்பின் மறுபக்கத்துக்குப் போய் மண்ணீரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. உயரம் மட்டும் அச்சு அசலாகச் சரி.

என்ன நடந்தது? எஸ்டிஎல் கோப்புக்குள் இருப்பது வெறும் எண்கள்தான். மைனஸ் 70, மைனஸ் 30 என்று இருக்கும், எந்தத் திசையில் 70 என்று அது சொல்லாது. மருத்துவப் படங்களுக்கான பொதுக் கோப்பு வடிவமான டைகாமிலும், அந்தப் படங்களை அலசும் நிரல் நூலகமான ஐடிகேயிலும் நோயாளியின் இடப்பக்கமும் முதுகுப்பக்கமும் பிளஸ். இதை எல்பிஎஸ் என்பார்கள். வேறு சில மென்பொருள்களில் வலப்பக்கமும் முன்பக்கமும் பிளஸ், அது ஆர்ஏஎஸ். ஒரே எண்ணை இரண்டு பேர் எதிரெதிராகப் படித்தால் கட்டி அரை வட்டம் அடித்துப் பின்னால் போய்விடும்.

சரிசெய்ய எவ்வளவு நேரம்? பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஐந்து நிமிடம். ஒருவர் எட்டிப் பார்த்து "அட, இது ஆர்ஏஎஸ்ஸா எல்பிஎஸ்ஸா?" என்று கேட்டால் போதும். இதையே மின்னஞ்சலில் செய்து பாருங்கள். "உங்கள் கோப்பு சரியில்லை." "எங்களிடம் சரியாகத்தானே திறக்கிறது?" மூன்று வாரம் ஓடிவிடும், நடுவில் ஒருவருக்கு லேசாகக் கோபமும் வந்திருக்கும்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தத் துறைக்காரர்கள் நேரில் கூடி உட்கார வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். அப்படி ஒரு கூட்டத்தை எப்படித் திட்டமிடுவது என்பதுதான் இந்த வீடியோ.

[திரை: நீள மேசைகள், லேப்டாப்கள், தரையெல்லாம் வயர்]

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம், இது மாநாடு இல்லை. மாநாட்டில் முடிந்த வேலையைச் சொல்வார்கள், இங்கே முடியாத வேலையைக் கொண்டுவந்து போடுவார்கள். போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. இதற்கு நல்ல உதாரணம் நா-மிக் ப்ராஜெக்ட் வீக். 2004 இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் மருத்துவப் படக் கணினியியலுக்காக நா-மிக் என்ற கூட்டமைப்பு தொடங்கியது. அதற்குள் வெவ்வேறு ஊர்களில் இருந்த குழுக்கள் ஒரே மென்பொருள் அடித்தளத்தில் வேலை செய்ய வேண்டியிருந்தது: ஸ்கேன்களைத் திறந்து அலசும் 3டி ஸ்லைசர், முப்பரிமாணக் காட்சிக்கான நூலகம் விடிகே, முன்பு சொன்ன ஐடிகே. 2005 முதல் ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் கூடி உட்கார ஆரம்பித்தார்கள், 40 கூட்டத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது ஜனவரி வாக்கில் ஒன்று, ஜூன் வாக்கில் ஒன்று, திங்கள் முதல் வெள்ளி வரை. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் எம்ஐடி வளாகம், ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவின் லாஸ் பால்மாஸ், மான்ட்ரியல் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

சரி, நீங்கள் ஒன்று நடத்துகிறீர்கள் என்றால் எங்கே தொடங்குவது?

எல்லோரும் தொடங்குவது இடத்திலும் தேதியிலும். தப்பில்லை, அது முன்னாலேயே முடிவாக வேண்டும்தான். இந்தத் துறையின் நாட்காட்டி நெருக்கமானது: பிப்ரவரியில் ஸ்பை மெடிக்கல் இமேஜிங் மாநாடு, அதை ஒட்டியே மிக்காய் மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பும் பரபரப்பு, செப்டம்பர் அக்டோபரில் மிக்காய், நவம்பர் கடைசியில் சிகாகோவில் கதிரியக்க மருத்துவர்களின் ஆர்எஸ்என்ஏ. இவற்றுக்கு நடுவில் இடைவெளி தேடினால் ஜனவரியும் ஜூனும்தான் கைக்குக் கிடைக்கும். வேறு நாட்டிலிருந்து வருபவர்களுக்கு விசா என்று ஒன்று இருக்கிறது, அழைப்புக் கடிதத்தை ஆறு மாதம் முன்னால் கொடுங்கள். அவ்வளவுதான், இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது ப்ராஜெக்ட் பக்கத்தைப் பற்றி.

[திரை: ஒரு வெற்றுப் பக்கம். தலைப்புகள் ஒவ்வொன்றாக வருகின்றன.]

ப்ராஜெக்ட் வீக்கில் ஒவ்வொரு குழுவும் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரு பக்கம் எழுதி வைக்க வேண்டும். யார் யார் சேர்ந்து செய்கிறார்கள், என்ன ப்ராஜெக்ட், என்ன நோக்கம், எப்படிச் செய்யப் போகிறார்கள், கடைசியில் என்ன ஆனது, கூடவே சில படங்கள். பார்க்க ஏதோ அரசு விண்ணப்பப் படிவம் மாதிரிதான் இருக்கும். ஆனால் கூட்டம் உருப்படுமா உருப்படாதா என்பது இந்தப் பக்கத்தில்தான் தெரிந்துவிடும், அதுவும் ஒரு மாதம் முன்னாலேயே.

எப்படி என்றால், நோக்கம் என்ற இடத்தில் ஒருவர் எழுதுகிறார்: "மூளைக் கட்டிகளைச் செயற்கை நுண்ணறிவால் பிரித்தெடுப்பதை மேம்படுத்துதல்." கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இது ஐந்து நாள் வேலை இல்லை, ஐந்து வருட வேலை. இன்னொருவர் எழுதுகிறார்: "எங்கள் மாடல் தரும் கட்டி எல்லையை டைகாம் செக்மென்டேஷன் கோப்பாக எழுதி, ஓஹிஃப் பார்வை மென்பொருளில் பிரவுசரில் திறந்து காட்டுவது. ஒரே ஒரு நோயாளியின் ஸ்கேனில் வந்தால் போதும்." இவர் வியாழக்கிழமைக்குள் முடித்துவிடுவார். முடியாவிட்டாலும் எங்கே நின்றது என்று அவருக்குத் தெரியும்.

முதல் ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டுமா? வேண்டாம். "வெள்ளிக்கிழமை மதியம் திரையில் எதைக் காட்டுவீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேட ஆரம்பித்தாலே நோக்கம் தானாகச் சுருங்கி வழிக்கு வரும்.

இதைக் கேட்கத்தான் முன்கூட்டிய வீடியோ கால்கள். கூட்டத்துக்கு ஆறு ஏழு வாரம் முன்னாலிருந்து வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம், ஒவ்வொரு குழுவுக்கும் சில நிமிடம். அங்கேதான் "நீங்களும் அதையா செய்கிறீர்கள்?" என்பது வெளியே வரும். ஒரே கன்வெர்ட்டரை இரண்டு பேர் தனித்தனியாக எழுதிக்கொண்டிருப்பது, ஒருவர் தேடும் ஆள் இன்னொரு குழுவில் சும்மா இருப்பது, இதெல்லாம் திங்கட்கிழமை காலையில் தெரியவந்தால் பாதி வாரம் போச்சு. நான் முதன்முதலாக உதவிய ஒரு கூட்டத்தில் இந்தக் கால்களை "எல்லோருக்கும் வேலை இருக்கும், பாவம்" என்று விட்டுவிட்டோம். செவ்வாய் மதியம் வரை ஒருவரை ஒருவர் அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தோம்.

அடுத்தது டேட்டா. இங்கே கொஞ்சம் நிதானமாகவே போவோம், ஏனென்றால் கூட்டம் கவிழ்வது பெரும்பாலும் இதில்தான்.

[திரை: டைகாம் கோப்பின் டேக் பட்டியல் மெதுவாக நகர்கிறது]

ஒரு டைகாம் கோப்பைத் திறந்தால் படத்துக்கு முன்னால் ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். 0010,0010 நோயாளியின் பெயர். 0010,0020 மருத்துவமனை எண். 0008,0020 ஸ்கேன் எடுத்த தேதி. பெயரை அழித்துவிட்டேன், போதாதா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். போதாது. ஸ்கேனர் தயாரித்த நிறுவனங்கள் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் தனி டேக்குகள் உண்டு, டேக் எண்ணின் முதல் பாதி ஒற்றைப்படையாக இருந்தால் அது அந்த வகை. அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று வெளியாருக்குத் தெரியாது. அல்ட்ராசவுண்ட் என்றால் பெயர் படத்தின் மேலேயே எழுத்தாக எரிந்து கிடக்கும், டேக்கை அழித்து என்ன பயன்?

தலை எம்ஆர்ஐயில் இன்னொரு சங்கடம்: முகமே இருக்கிறது. மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2019 இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 84 தன்னார்வலர்களின் எம்ஆர்ஐயிலிருந்து முகத்தை உருவாக்கி, சாதாரண முக அடையாள மென்பொருளில் அவர்களுடைய புகைப்படங்களோடு ஒப்பிட்டார்கள். 70 பேருக்குச் சரியான ஆளையே அது முதலில் காட்டியது. அதனால் தலை ஸ்கேன் என்றால் முகத்தை நீக்கிவிட்டுத்தான் பென் டிரைவில் ஏற்ற வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் அந்த டேட்டாவை வேறு நிறுவனத்துக்காரரிடம் கொடுக்கலாமா என்று உங்கள் நெறிமுறைக் குழுவும் சட்டப் பிரிவும் சொல்ல வேண்டும், அவர்கள் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். என் யோசனை எளிமையானது: கூட்டத்தில் வேலை செய்ய ஏற்கெனவே பொதுவில் இருக்கும் டேட்டாவை எடுங்கள். தி கேன்சர் இமேஜிங் ஆர்க்கைவில் புற்றுநோய் ஸ்கேன்கள் ஏராளம். உங்கள் மருத்துவமனை ஸ்கேனில் ஓட்டிப் பார்ப்பதை ஊருக்குப் போய்ச் செய்யுங்கள். "எங்கள் டேட்டா கொஞ்சம் வேறு மாதிரி" என்று சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள், பாதி நேரம் அது உண்மையும்கூட. இருந்தாலும் பொது டேட்டாவில் ஒரு முறை ஓடட்டும்.

அப்புறம் பில்ட். 3டி ஸ்லைசரை மூல நிரலிலிருந்து கட்டினால், தன்னைச் சார்ந்த நூலகங்களையெல்லாம் இறக்கி ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்யும். சாதாரண லேப்டாப்பில் மணிக்கணக்கு. 20 பேர் ஒரே வைஃபையில் திங்கட்கிழமை காலை 9 மணிக்கு இதைத் தொடங்கினால் மதியச் சாப்பாடு வரை எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வீட்டிலேயே பில்ட் செய்து, மாதிரி ஸ்கேன் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு மூல நிரலே தேவைப்படாது, நிறுவிய ஸ்லைசரில் பைத்தான் மாட்யூல் எழுதினாலே நடக்கும், இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறையை நேரில் பார்க்கப் போனால் புரொஜெக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் பிளக் பாயிண்டுகளை எண்ணுங்கள்.

[திரை: வாரத்தின் ஐந்து கட்டங்கள். நடுவில் மூன்று கிட்டத்தட்ட காலி.]

வாரத்தின் அட்டவணை எப்படி இருக்க வேண்டும்? காலியாக. திங்கட்கிழமை ஒவ்வொரு குழுவும் தன் பக்கத்தைத் திரையில் காட்டி ஓரிரு நிமிடம் பேசுகிறது, வெள்ளிக்கிழமை அதே பக்கத்தைத் திரும்பத் திறந்து என்ன ஆனது என்று சொல்கிறது. நடுவில் பொதுவான சிக்கல்களுக்கு ஓரிரு தனி அமர்வு, மற்றதெல்லாம் வேலை. பெரிய மனிதர் ஒருவர் ஒரு மணி நேரம் உரையாற்ற விரும்புவார், மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

மருத்துவர்கள் வருகிறார்கள் என்றால் அவர்களை ஐந்து நாளும் உட்கார வைக்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது. புதன்கிழமை பாதி நாள் வரச் சொல்லுங்கள். அதற்குள் குழுக்களிடம் காட்ட ஏதோ ஒன்று இருக்கும், "இந்த எல்லை தப்பு, இது கட்டி இல்லை, வீக்கம்" என்று அவர் சொன்னால் திருத்தவும் இரண்டு நாள் மீதி இருக்கும்.

இணையவழியில் சேர்பவர்கள் பற்றி. பெருந்தொற்றுக்குப் பிறகு இது தவிர்க்க முடியாததாகிவிட்டது, நல்லதும்தான். ஆனால் ஜனவரியில் லாஸ் பால்மாஸில் பிற்பகல் 3 மணி என்றால் பாஸ்டனில் காலை 10, சிட்னியில் நள்ளிரவு தாண்டி 2. எல்லோருக்கும் பொருந்தும் நேரம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு தொலைதூர ஆளுக்கும் அறைக்குள் இருக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கிவிடுங்கள், கேமராவை மட்டும் திறந்து வைத்துவிட்டு "இணைந்திருக்கிறார்" என்று சொல்லாதீர்கள்.

வெள்ளிக்கிழமை அறிக்கையில் ஓடாததையும் சொல்ல இடம் கொடுங்கள். "முயன்றோம், இந்த இடத்தில் நின்றுவிட்டது, காரணம் இது" என்ற மூன்று வரி பக்கத்தில் இருந்தால் அடுத்த ஆண்டு வேறொருவர் அங்கிருந்து தொடங்குவார். அந்தப் பக்கத்தை அறையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே எழுத வைத்துவிடுங்கள், வீட்டுக்குப் போய் எழுதுகிறேன் என்று சொன்ன யாரும் இதுவரை எழுதியதில்லை, நான் உட்பட.

[திரை: பழைய சிடி ஸ்கேன். சிவப்பு உருண்டை இப்போது கல்லீரலுக்குள்.]

நம் சிவப்பு உருண்டைக் குழுவின் பக்கத்தில் கடைசி வரி இதுதான்: "எங்கள் எல்லா கோப்புகளும் இனி எல்பிஎஸ், கோப்பின் தலைப்பிலேயே எழுதியிருக்கும்." ஸ்லைசரும் இப்போது எஸ்டிஎல் எழுதும்போது தலைப்பில் எல்பிஎஸ் என்று குறித்துவிடுகிறது. ஆனால் அந்தத் தலைப்பைப் படிக்காமலேயே திறக்கும் மென்பொருள்கள் இன்னும் இருக்கின்றன. அதில் ஒன்றை எழுதியவர் அடுத்த கூட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறார், மேசை எண் 4.