ஜெய்சல்மர் பாலைவன தேசியப் பூங்காவில் கானமயில் பார்க்க முடியுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "டிசம்பர்ல குடும்பத்தோட ஜெய்சல்மர் போறோம். பாலைவன தேசியப் பூங்காவுல கானமயில் பார்க்க முடியுமா? சாம்ல தங்கினா போதுமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காங்க.

சாம் மட்டும் போதாதுங்க. அங்க மணல்மேடு, ஒட்டக சவாரி, ராத்திரி பாட்டு, ஆட்டம் எல்லாம் இருக்கும். ஆனா கானமயில்ங்கறது மயில் இல்லீங்க, கிரேட் இந்தியன் பஸ்டர்ட்னு சொல்ற பெரிய பறவை. அதுக்கு வேண்டியது புல்வெளி. 3,162 சதுர கிலோமீட்டர் பூங்கா அது. நிறைய இடம் கட்டாந்தரையும் புல்லும்தான். சுதாசரின்னு ஒரு பகுதியில ஆடுமாடு மேயாம வேலி போட்டு, சேவன் புல்ல வளர விட்டிருக்காங்க. அங்க போங்க. வனத்துறை அனுமதிய ஜெய்சல்மர்லயே கேட்டு வாங்கிடுங்க. பாகிஸ்தான் எல்லை பக்கம்ங்கறதால, வண்டிக்காரர் போகக்கூடாதுன்னு சொல்ற பக்கம் போகவே வேண்டாம்.

விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுங்க. டிசம்பர் விடியல்ல குளிர் நடுக்கும், பிள்ளைங்களுக்கு ஸ்வெட்டர், குல்லா கட்டாயம். வழியில கடை கிடைக்கும்னு நம்பாதீங்க. தண்ணி, சாப்பாடு கையில இருக்கட்டும். போன் சிக்னலும் அப்படித்தான். பைனாகுலர் இல்லாம போனா பாதி பயணம் வீண்.

இப்ப முக்கியமான விஷயம். வெளியில சுதந்திரமா வாழற கானமயில் இன்னிக்கு 150க்கும் குறைவாத்தான் இருக்கு. ஒரு காலத்துல நம்ம தமிழ்நாட்டுலயும் இருந்த பறவை இது. ஆண் பறவை 15 கிலோ வரைக்கும் இருக்கும். கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்கறதால நேர் எதிர்ல இருக்கற மின்கம்பி அதுக்கு சரியா தெரியாது. தெரிஞ்சாலும் அவ்வளவு எடையோட சட்டுனு திரும்ப முடியாது. அடிபட்டு செத்துப்போகுது. பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரே முட்டைதான் இடும், அதனால போன எண்ணிக்கை லேசுல திரும்பாது. 2019லேருந்து சாம்ல முட்டைய அடைகாத்து குஞ்சு வளர்க்கறாங்க. அந்த வேலை எனக்கு ரொம்ப நம்பிக்கை குடுக்குது.

அதனால தயவுசெஞ்சு "இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க"ன்னு வண்டிக்காரர அவசரப்படுத்தாதீங்க. தடத்த விட்டு வண்டி புல்லுக்குள்ள இறங்கவே கூடாது. அத மிரட்டிப் பறக்க வைக்கறதே ஆபத்து. தூரத்துல தலைய நிமிர்த்தி நடந்து போறது தெரிஞ்சாலே போதும்.

அன்னிக்குக் கண்ணுல படலைன்னா? படாம போக நிறைய வாய்ப்பு இருக்கு, பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. சிங்காரா மான், பாலைவன நரி, குளிர்காலத்துக்கு வர்ற பெரிய பாறு கழுகுங்க, இதெல்லாம் அங்கயே இருக்கு. முடிஞ்சா ஒரு நாள் கூட்டி வெச்சுக்கிட்டு, மறுநாள் காலையிலயும் போய்ப் பாருங்க.