உடற்கூறாய்வு எப்போது கட்டாயம்?

நேயர்களுக்கு வணக்கம். அரசு மருத்துவமனைப் பிணவறையில் பல ஆண்டுகள் பணிபுரிந்த மருத்துவன் நான். "உடம்பை அறுக்காமல் கொடுத்துவிடுங்கள் ஐயா" என்று கைகூப்பாத குடும்பம் அரிது. அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் முடிவு மருத்துவர் கையிலும் இல்லை, குடும்பத்தார் கையிலும் இல்லை.

தற்கொலை, கொலை, விபத்து, இயந்திரத்தில் சிக்கி இறப்பது, விலங்கு தாக்கி இறப்பது, சந்தேகத்துக்குரிய சாவு: இவற்றில் எது நடந்தாலும் காவல்துறைக்குத் தகவல் போயாக வேண்டும். அவர்கள் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பிரேத விசாரணை நடத்துவார்கள். சாவின் காரணத்தில் ஐயம் இருந்தால் உடல் எங்களிடம் வரும். இப்படிச் செய்யச் சொல்வது, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 194ஆவது பிரிவு. நோய்க்குச் சிகிச்சை பெற்று, காரணம் தெரிந்து இறந்தவருக்கு இது தேவையில்லை.

நான் எப்போதும் வலியுறுத்துவது பாம்புக்கடியைப் பற்றி. கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வீக்கமும் இராது, பெரிய வலியும் இராது. விடியற்காலையில் வயிற்றைப் பிசையும், இமை சரியும், பிறகு மூச்சு நிற்கும். வீட்டார் மாரடைப்பு என்று நினைத்து எரித்துவிடுகிறார்கள். களை எடுக்கப் போய்வந்து கூரை வீட்டில் படுத்திருந்த ஒருவரின் உடல் வந்தது. மேலே ஒன்றும் தெரியவில்லை. லென்ஸ் வைத்துத் தேடியபோது, கால்விரல் இடுக்கில் ஊசி குத்தியதுபோல இரண்டு புள்ளிகள். அந்த அறிக்கை இல்லையென்றால், பாம்பு கடித்துதான் இறந்தார் என்பதற்கு அவர் மனைவியிடம் என்ன ஆதாரம் இருந்திருக்கும்? மருத்துவமனைக்குப் போகாமலே இறந்தவருக்கு விபத்துக் காப்பீடு கேட்க வேறு வழி என்ன? தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள். அறிவிப்பு வந்தால் போதாது. எரிப்பதற்கு முன் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், எரிப்பதற்கு முன்.

உறுப்புகளை எடுத்துக்கொள்வார்கள் என்ற பயமும் உண்டு. நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க இரைப்பை, கல்லீரல் முதலியவற்றிலிருந்து கொஞ்சம் உப்புக் கரைசலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். உடலைத் தைத்து, கழுவி, துணி சுற்றித்தான் ஒப்படைக்கிறோம்.

நேரம் முடியப்போவதாகக் கண்ணாடிக்கு அப்பால் சைகை காட்டுகிறார்கள். மூன்று விஷயங்களை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். திருமணமாகி 7 ஆண்டுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சந்தேகமான முறையில் இறந்தாலோ, உறவினர் கேட்டுக்கொண்டாலோ உடற்கூறாய்வுக்கு அனுப்ப வேண்டும். கோட்டாட்சியர் விசாரணையும் நடக்கும். காவலில் இருப்பவர் இறந்தால் குற்றவியல் நடுவரே விசாரிப்பார். ஆய்வு முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அறிக்கையின் நகலைக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். வணக்கம்.