மதிய உணவை நடுவில் வைத்து மூன்று ஸ்பானிய ஊர்கள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். ஸ்பெயினின் பழைய ஊர்களைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை, அரண்மனை, தேவாலயம் என்று ஒரு பட்டியலை எழுதிக்கொண்டு, அவற்றுக்கு நடுவே நேரம் கிடைத்தால் எதையாவது சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். நான் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இதற்கு நேர்மாறானது. முதலில் மதிய உணவு எங்கே, எத்தனை மணிக்கு என்று முடிவு செய்யுங்கள். கோட்டையையும் தேவாலயத்தையும் அதற்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள். மாட்ரிட்டிலிருந்து விரைவு ரயிலில் எளிதாகப் போகக்கூடிய செகோவியா, கோர்தோபா, தொலேதோ ஆகிய மூன்று ஊர்களை வைத்து இதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

கடிகாரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பயணிகள் முதலில் தடுமாறுவது அங்கேதான். அந்த ஊர்களில் மதிய உணவு 2 மணியளவில் தொடங்கி 4 மணிவரை நீளும். இரவு உணவுக்கு 9 மணி ஆகிவிடும். இடையில் பல உணவகங்களின் அடுப்பு அணைந்திருக்கும். இதைச் சோம்பல் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உலக நேரத்தைக் கணக்கிட அடிப்படையாக வைத்திருக்கும், லண்டனின் கிரீன்விச் வழியாகச் செல்லும் தீர்க்கக் கோடு ஸ்பெயினின் கிழக்குப் பகுதியையே தொட்டுச் செல்கிறது. மாட்ரிட் அதற்கும் மேற்கே இருக்கிறது. ஆயினும் 1940இல் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு நாட்டின் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்தது. அவை இன்றுவரை பழைய நேரத்துக்குத் திரும்பவில்லை. அதனால் கோடைக்காலத்தில் மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வருவதே 2 மணிக்குப் பிறகுதான். அதாவது, அவர்கள் தாமதமாக உண்பதில்லை. சூரியன் நடு வானில் நிற்கும்போதே உண்கிறார்கள். பகல் 12 மணிக்கே பசி தாங்காமல் உணவகம் தேடுகிறவருக்குப் பெரும்பாலும் வெளியூர்க்காரர்களுக்கென்று படம் போட்டு வைத்திருக்கும் உணவுப் பட்டியல்தான் கிடைக்கும். 2 மணிவரை பொறுத்திருப்பவருக்கு ‘மெனு தெல் தியா’ என்னும் அன்றைய சாப்பாடு, முதல் உணவு, இரண்டாம் உணவு, ரொட்டி, பானம், இனிப்பு எல்லாம் சேர்த்து ஒரே விலையில், வார நாள்களில் கிடைக்கும்.

செகோவியாவுக்கு மாட்ரிட்டிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம். ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதால் அங்கிருந்து பேருந்தில் சென்று இறங்கினால், ரோமானியர் கட்டிய கால்வாய்ப் பாலத்தின் அடியில் நிற்பீர்கள். மலையிலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவந்த அந்தப் பாலம், உயரமான இடத்தில் ஏறக்குறைய 28 மீட்டர் எழுந்து நிற்கிறது. கருங்கற்களுக்கிடையே சுண்ணாம்போ சாந்தோ கிடையாது, கல்லின் எடையே கல்லைப் பிடித்து நிறுத்துகிறது. காலையில் அதைப் பார்த்துவிட்டு, 1525இல் தொடங்கிய தேவாலயத்தையும், கப்பலின் முன்பகுதியைப் போல மேட்டின் நுனியில் நிற்கும் அல்காசர் கோட்டையையும் சுற்றிவந்தால், சரியாகப் பசிக்கும் நேரம் ஆகியிருக்கும். அந்த ஊரின் பெயர்பெற்ற உணவு, தாய்ப்பால் மட்டுமே குடித்த பன்றிக்குட்டியை விறகு அடுப்பில் முழுதாகச் சுட்டது. இறைச்சி எவ்வளவு மென்மையாக வெந்திருக்கிறது என்பதைக் காட்ட, கத்திக்குப் பதிலாகப் பீங்கான் தட்டின் விளிம்பாலேயே அதை வெட்டி, பிறகு அந்தத் தட்டைத் தரையில் எறிந்து உடைப்பது அங்கே ஒரு சடங்கு. சைவ நேயர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அருகிலுள்ள லா கிரான்ஹா என்னும் ஊரின் பெரிய வெள்ளை மொச்சையைப் பட்டியலில் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம், அதிலும் பன்றி இறைச்சி சேர்ப்பதே வழக்கம், விசாரித்த பிறகே வரவழையுங்கள்.

கோர்தோபாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நான் நிறுத்துவதில்லை என்று என் வீட்டார் குறைபட்டுக்கொள்வதுண்டு. இன்றும் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. மாட்ரிட்டிலிருந்து தெற்கே ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரம். 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாளில் அந்த ஊரை ஆண்ட முஸ்லிம் அரசர் முதலாம் அப்துர் ரகுமான் தொடங்கி, பின்வந்தவர்கள் விரிவாக்கிய பெரிய பள்ளிவாசலில் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள் இருக்கின்றன. அவற்றில் பல, பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்தும் ரோமானியருக்குப் பின் அங்கே ஆண்ட விசிகோத்தியரின் கட்டடங்களிலிருந்தும் எடுத்துவரப்பட்டவை; அவை குட்டையாக இருந்ததால், கூரையை உயர்த்துவதற்காக ஒரு வளைவின்மேல் இன்னொரு வளைவு என்று சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கினார்கள். 1236இல் நகரம் கிறித்தவ அரசின் கைக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டில் தூண்களின் நடுவே ஒரு தேவாலயத்தையே எழுப்பினார்கள். கூட்டம் வருவதற்கு முன் காலையிலேயே உள்ளே சென்றுவிடுங்கள். கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் ஊர் அது.

பிறகு மதிய உணவு. தக்காளி, பழைய ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், உப்பு ஆகியவற்றை அரைத்துக் குளிரவைத்த ‘சல்மொரேஹோ’ கெட்டியாகக் கிண்ணத்தில் வரும். மேலே அவித்த முட்டையும் பன்றித்தொடைத் துண்டுகளும் தூவியிருப்பார்கள், வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது என்பதால், அந்தப் பள்ளிவாசலில் தொழுதவர்கள் இந்தச் சிவப்பு நிறத்தைக் கண்டிருக்க முடியாது. ஆனால் பாதாமையும் ரொட்டியையும் பூண்டையும் சேர்த்து அரைத்த ‘மசமோரா’ என்னும் வெள்ளைக் கூழ் இன்றும் அதே ஊரில் கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வரவழைத்துச் சுவைத்துப் பாருங்கள். இன்னொரு தட்டும் அவசியம் வேண்டும்: மெல்லியதாக நறுக்கி மாவில் தோய்த்துப் பொரித்த கத்தரிக்காயின்மேல் கரும்புப்பாகு ஊற்றித் தருவார்கள். கத்தரிக்காயும் கரும்பும் ஆசியாவிலிருந்து பாரசீகம் வழியாக அரபு மக்களின் கையால் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தவை. நம் வீட்டில் நாள்தோறும் புளிக்குழம்பில் வேகும் காய், அங்கே இனிப்போடு கைகோத்து வருவதைக் கண்டு முகம் சுளிக்கும் தமிழர்கள் இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிவாசலைப் பார்த்த பிறகு இந்தத் தட்டு வர வேண்டும், முன்பு அல்ல. இதனால்தான் உணவை நடுவில் வையுங்கள் என்கிறேன். உண்ட பிறகு அறைக்குச் சென்று உறங்கிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் பூத்தொட்டிகள் தொங்கும் முற்றங்களைப் பார்க்கக் கிளம்பலாம். மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் வீட்டுக்காரர்கள் அந்த முற்றங்களை ஊருக்கே திறந்துவிடும் விழா நடக்கும். அறையை மட்டும் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும்.

வானொலி அறையின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். தொலேதோவுக்கு ஒரு நிமிடம்தான் மிச்சம். மூன்று பக்கம் தாகோ ஆறு சூழ்ந்த குன்றின்மேல் இருக்கும் ஊர் அது; ஏறுவதற்கு நகரும் படிக்கட்டு இருக்கிறது, மூட்டுவலி உள்ளவர்கள் அஞ்ச வேண்டாம். சாந்தோ தொமே தேவாலயத்தில் எல் கிரேக்கோ வரைந்த ‘ஓர்காஸ் பிரபுவின் நல்லடக்கம்’ என்னும் ஓவியத்தையும், குதிரைலாட வளைவுகள் கொண்ட பழைய யூதத் தொழுகைக்கூடத்தையும் மாலையில் மூடுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். பாதாம் பருப்பையும் சர்க்கரையையும் பிசைந்து செய்யும் மசபான் என்னும் இனிப்பைக் கன்னியர் மடங்களிலும் விற்கிறார்கள். பகல் பேருந்துகள் மாட்ரிட்டுக்குத் திரும்பிய பின்புதான் அந்தத் தெருக்கள் ஊர்க்காரர்கள் வசம் வருகின்றன என்பதால், மூன்று ஊர்களில் ஒன்றில்தான் இரவு தங்க முடியும் என்றால் தொலேதோவில் தங்குங்கள். இரவு உணவுக்கு 9 மணிக்கு முன் மட்டும் போக வேண்டாம். வணக்கம்.