1729-இன் அண்ணனைத் தெரியுமா? மூன்று விதமாகப் பிரியும் 8,75,39,319

வணக்கம் நண்பர்களே! ராமானுஜன் எண்ணான 1729-ஐக் கேள்விப்படாத தமிழர்கள் குறைவு. அதன் அண்ணனான 8,75,39,319-ஐ அறிந்தவர்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்றைய வீடியோ முழுவதும் அந்த ஓர் எண்ணைப் பற்றியதுதான்.

பின்னணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1912-இல் நம் வடசென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்த ராமானுஜன், பிற்பாடு இங்கிலாந்தில் கணிதப் பேராசிரியர் ஹார்டியிடம், இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதங்களில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் 1729 என்றார். மூன்று விதங்களில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண்ணான நம் 8,75,39,319-ஐக் கணிதவியலாளர் ஜான் லீச் 1957-இல் கண்டறிந்தார்.

[திரையில்]
167³ + 436³
228³ + 423³
255³ + 414³

இங்கே மிகை முழு எண்களுக்கு மட்டுமே அனுமதி. குறை எண்களையும் சேர்த்துக்கொண்டால் 728 என்ற சின்ன எண்ணே மூன்று விதமாகப் பிரிந்துவிடும். வீடியோவை நிறுத்திவிட்டு முதல் வரியைக் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்: 46,57,463-உடன் 8,28,81,856-ஐக் கூட்டினால் நம் எண் வந்து நிற்கும்.

என்னைச் சொக்கவைத்த இடத்துக்கு இப்போது வருகிறேன். இரு கனங்களின் கூட்டுத்தொகை, அந்த இரு எண்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். தண்டையார்பேட்டையில் என்னிடம் ட்யூஷன் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு ஜோடியையும் கூட்டி, 603, 651, 669 என்று பலகையில் வரிசையாக எழுதி, பகாக் காரணிகளாகவும் பிரித்தார்கள்.

[திரையில்]
603 = 3 × 3 × 67
651 = 3 × 7 × 31
669 = 3 × 223

நம் எண்ணின் பகாக் காரணிகள் 3, 7, 31, 67, 223 ஆகியவை மட்டுமே. அவற்றில் 3 மட்டும் மூன்று முறை வரும். அதாவது, 3-ஐ மூன்று ஜோடிகளும் பொதுவில் வைத்துக்கொண்டு, மற்ற நான்கையும் ஒன்றுகூட விடாமல், ஒன்றுகூட இரண்டு இடத்தில் வராமல் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன! 603, 651, 669 மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: 26,26,17,957. அது நம் எண்ணைப் போல் மிகச் சரியாக மூன்று மடங்கு. பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் இதைச் சொன்னபோது வகுப்பே கைதட்டியது.

இந்த அழகு புகழ்பெற்ற 1729-க்குக் கூட வாய்க்கவில்லை என்பதே என் கருத்து. அதன் ஜோடிகளைக் (1-உம் 12-உம், 9-உம் 10-உம்) கூட்டினால் 13-உம் 19-உம் கிடைக்கின்றன. மீதமுள்ள காரணியான 7 எந்த ஜோடியிலும் சேராமல் தனித்து நிற்கிறது.

எத்தனை விதங்கள் கேட்டாலும் அத்தனை விதமாகப் பிரியும் எண் உண்டு என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. நான்கு விதங்களுக்கான மிகச் சிறிய எண் 6963472309248. அதன் ஜோடிகளில் ஒன்று 2421-உம் 19083-உம். அந்த எண்ணின் பகாக் காரணிகளுள் ஒன்று மட்டும் நான்கு கூட்டுத்தொகைகளில் எதிலும் இடம்பெறாது. அது எது என்று கணக்கிட்டுக் கமெண்டில் எழுதுங்கள். வழிமுறையையும் சேர்த்து எழுதினால் அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன்.