வெறும் வாளி திரும்பிப் போகாது

நடுவர் அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, பொங்கல் இரவின் பனியையும் பொருட்படுத்தாமல் அமர்ந்திருக்கும் செல்லூர் மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

குறைந்த வருமானத்தில் தனிக்குடித்தனம் போவது வாழ்வா, தாழ்வா என்பது தலைப்பு. வாழ்வே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் அழகாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஓர் அடுப்பு இரண்டாகும், ஒரு சிலிண்டர் இரண்டாகும், இல்லாத வாடகை புதிதாக வந்து சேரும் என்றார். அந்தக் கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கணக்கை முடித்துவிட்டு, "பதினைந்தாயிரம் சம்பளத்தில் தனியாகப் போகிறவன் ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூக்குவாளியோடு அம்மா வீட்டு வாசலில் வந்து நிற்பான்" என்று ஒரு வார்த்தை சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். அந்த வார்த்தைக்குப் பதில் சொல்லாமல் நான் வேறெதுவும் பேச முடியாது. ஏனென்றால், இந்தத் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, 2012ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூக்குவாளியோடு அப்படி வந்து நின்றவள் நான்.

கல்யாணமாகி நான் வந்த வீடு இரண்டு அறை ஓட்டு வீடு. மாமா, அத்தை, கணவரின் அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளை, நாங்கள் இருவர் என்று மொத்தம் ஏழு பேர். அந்த வீட்டில் யாரும் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தறியில் உட்கார்ந்தே முதுகு வளைந்துபோன என் மாமா, இரவுச் சாப்பாடு முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை டீக்கடைப் பலகைக்குப் போய்விடுவார். கடை அடைத்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்புவார். பெரியவர் காற்று வாங்கப் போகிறார் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். மருமகள்கள் இருவரும் உடை மாற்றிப் பாய் விரித்துப் படுக்கும்வரை அந்த வீட்டில் தனக்கு இடமில்லை என்று அவரே முடிவு செய்துகொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார் என்பது பின்னால்தான் புரிந்தது. அடைமழையிலும் அவர் அந்தப் பலகையில்தான் இருந்தார். எதிரணி அண்ணனின் கணக்கில் சிலிண்டருக்கு விலை இருக்கிறது. தான் கட்டிய வீட்டுக்கு வெளியே ஒரு முதியவர் காத்திருந்த அந்த ஒரு மணி நேரத்துக்கு விலை இல்லை. நெருக்கடியில் இளையவர்கள்தாம் மூச்சுமுட்டுகிறார்கள் என்று நினைக்கிறோம். பெரியவர்கள் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்வதால் அது நம் கண்ணில் படுவதில்லை.

என் கணவருக்கு அச்சகத்தில் மாதம் 9,000 ரூபாய், எனக்குத் துணிக்கடையில் 5,500. விளாங்குடியில் 2,500 ரூபாய் வாடகையில் ஓர் அறையும் சமையற்கட்டும் கிடைத்தன. மொத்தமாகப் பணம் கொடுத்து ஒத்திக்குப் பிடிக்க வசதி இல்லை. அட்வான்ஸ் 20,000 கேட்டார்கள். என் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று, அதை மீட்க ஒன்றே முக்கால் ஆண்டு ஆயிற்று. இதையும் எதிரணி குறித்துக்கொள்ளட்டும், நான் மறைக்கவில்லை. ஆனால் எங்களை அழுத்தியது மாத வாடகையன்று, எட்டு மாத வாடகையை ஒரே நாளில் எடுத்து வைக்கச் சொன்ன அந்த அட்வான்ஸ்தான். 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. இன்று வீடு தேடும் பிள்ளைகள் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வரியைச் சொல்லிக் கேட்க வேண்டும். அதேபோல, ரேஷனில் அன்று அட்டை ஒன்றுக்கு அதிக அளவு 20 கிலோ அரிசி. ஏழு பேருக்கும் அதுதான். மாமாவின் அட்டையிலிருந்து பெயரை நீக்கி, சான்று வாங்கி, புது அட்டை எடுத்த பிறகு எங்கள் இருவருக்கும் தனியாக அரிசி வந்தது, அங்கே ஐந்து பேருக்கு அந்த 20 கிலோ குறையாமல் நின்றது. பிரிந்தால் நட்டம் மட்டுமே என்பவர்கள் இதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இப்போது தூக்குவாளிக்கு வருகிறேன்.

நாங்கள் கிளம்பிய அன்று அத்தை ஒரு வார்த்தையும் பேசவில்லை. பால் காய்ச்சவும் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், டவுன் பஸ்ஸில் நசுங்கி வியர்த்துப்போய் அத்தை நிற்கிறார். கையில் எவர்சில்வர் தூக்குவாளி, அதன் மூடி கழன்றுவிடாமல் ஒரு துணியால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. உள்ளே கருவாட்டுக் குழம்பு. உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை, பாயை விரித்தேன், உட்காரவில்லை. சுவரைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், "குழம்பைச் சுண்டவிட்டுச் சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குழம்பு இரண்டு நாள் வந்தது. வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகுதான் எனக்குக் கவலை பிடித்தது. நம் வீடுகளில் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை என்பது இங்குள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். குறைந்தது ஒரு கைப்பிடிச் சர்க்கரையாவது போட்டுத் தருவோம். மாதக் கடைசி. என் வீட்டில் அன்று சர்க்கரை இல்லை. டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தேன். அரிசியும் இரண்டு வெங்காயமும்தான் இருந்தன. வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுக் கொல்லையில் நின்ற முருங்கையில் கொழுந்தாகப் பார்த்துக் கீரை ஒடித்து, அந்த வாளி நிறைய அடைத்து, ஞாயிற்றுக்கிழமை செல்லூருக்கு வந்தேன். அண்ணன் சொன்னாரே, அந்த வாசலில் நின்றேன். அவர் கண்ணுக்கு வாளி தெரிந்திருக்கும், அதற்குள் இருந்தது தெரிந்திருக்காது.

அத்தை மூடியைத் திறந்தார். "என்னத்தா இது?" என்றார். "கீரை அத்தை" என்றேன். எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு முறத்தை எடுத்துவந்து என் எதிரே உட்கார்ந்தார், இருவருமாக உருவினோம். சமைத்து முடித்ததும் எனக்கு முதல் இலை போட்டார். அந்த வீட்டில் வாழ்ந்த இரண்டு ஆண்டுகளிலும் நான் கடைசியாகச் சாப்பிட்டவள். குற்றம் சொல்லவில்லை, ஏழு பேருக்குப் பரிமாறும் வீட்டில் பரிமாறுகிறவள் கடைசியில்தான் உட்கார முடியும். அன்று நான் விருந்தாளி. எதிரணி அண்ணா, அந்த வாசலில் நான் கையேந்தி நிற்கவில்லை. என் வீட்டிலிருந்து என் அத்தைக்கு முதன்முதலாகக் கொடுக்க வந்து நின்றேன். கூட இருந்தவரை கொடுப்பதற்கு எனக்கென்று ஒரு பிடி கீரை இருந்ததில்லை, எல்லாமே அவருடையது.

கஷ்டம் வந்தால் பெண்கள் தாய்வீட்டுக்கு ஓடிவிடுவார்கள் என்றும் எதிரணியில் சொன்னார்கள். நற்றிணையின் 110ஆம் பாடலில் போதனார் ஒரு பெண்ணைக் காட்டுகிறார். பொற்கிண்ணத்தில் தேன் கலந்த பாலை ஏந்தி, வளர்ப்புத் தாயரான செவிலியர் பின்னால் ஓடிவர, குடிக்க மறுத்துப் பந்தலுக்குள் ஓடிய செல்வ மகள் அவள். மணமான பின் கணவன் குடி வறுமையுற்றபோது, தந்தை வீட்டின் கொழுஞ்சோற்றை நினைத்தும் பார்க்காமல், ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாள். இந்த உறுதியை இவள் எங்கே கற்றாள் என்று செவிலி வியக்கிறாள். பெண் பட்டினி கிடப்பதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. யாரும் கிடக்கக் கூடாது. தன் வீடு என்று ஒன்று அமைந்துவிட்டால் ஒரு பெண்ணுக்குள் எழும் அந்த உறுதியை மட்டும் இவர்கள் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்கிறேன்.

நடுவர் அவர்களே, அந்த வாளி அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. இங்கிருந்து குழம்பு வரும், அங்கிருந்து அவியல் போகும், ஒரு முறை எங்கள் மகள் முதன்முதலாகச் சுட்ட கோணல் தோசை மூன்று போயிற்று. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதிலிருந்து அத்தை வாரத்தின் நடுவிலும் வருகிறார். பக்கத்து வீட்டுக்காரர் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டால் "மகன் வீட்டுக்கு" என்கிறாராம். இதை அண்ணி என்னிடம் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நாற்பது ஆண்டுகள் ஒரே வீட்டின் அடுப்படியில் நின்றவர் அவர். போய்வருவதற்கு ஓர் இடம் அவருக்கு அதுவரை இருந்ததில்லை. நாங்கள் வெளியேறியதால்தான் அவருக்கு மகன் வீடு என்று ஒன்று கிடைத்தது. மாமாவும் இப்போது டீக்கடைப் பலகைக்குப் போவதில்லை. ஒன்பது மணிக்குத் தன் கட்டிலில் தூங்குகிறார்.

அத்தை இன்று இங்கேதான் இருக்கிறார், பெண்கள் பக்கம், மூன்றாவது வரிசையில். எழுந்து நிற்கச் சொன்னால் கூச்சப்படுவார், அதனால் சொல்லவில்லை. காலையில் விளாங்குடியில் வைத்த சர்க்கரைப் பொங்கல் இந்த மேடைக்குப் பின்னால் அந்தத் தூக்குவாளியில் இருக்கிறது. பிடி ஒரு பக்கம் கழன்று கம்பி சுற்றியிருக்கிறேன். இறங்கியதும் அதை அவர் கையில் கொடுக்க வேண்டும். வணக்கம்.