ஃபிஸ்டுலா கையில் அதிர்வு நின்றால் அன்றே கிளம்புங்கள்

வணக்கம். காட்பாடியிலிருந்து பேசுகிறேன், டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன் வேலை. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைப்பதுதான் ஃபிஸ்டுலா; அதில் ரத்தம் ஓடுவது தொட்டால் அதிர்வாகத் தெரியும். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சிலர் சாவகாசமாகச் சொல்வார்கள்: "ஞாயிறே கையில் அதிர்வு நின்றுவிட்டது தம்பி, செவ்வாய்தானே என் முறை என்று இருந்துவிட்டேன்." காரியம் கெடுவது அந்த இரண்டு நாளில்தான்.

மணிக்கட்டுப் பக்கம் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைக்கும் இந்த ஃபிஸ்டுலா முறையை 1966இல் மருத்துவர்கள் பிரெசியா, சிமினோ குழுவினர் வெளியிட்டார்கள். தமனியின் வேகத்தில் சிரை பருத்துவிடும், அதில்தான் நாங்கள் ஊசி குத்துகிறோம். ஆனால் இணைப்பை ஒட்டிய இடத்தில் உட்சுவர் தடித்து வழி குறுகுவது உண்டு. அப்படிக் குறுகிய கையில், டயாலிசிஸில் உடலிலிருந்து நீரை அதிகம் எடுத்து பிபி இறங்கினாலோ, வயிற்றுப்போக்கில் உடல் வற்றினாலோ ரத்தம் உறைந்துவிடும்.

புதிய உறைகட்டி மென்மையாக இருக்கும். நாள் போகப் போகச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே சீக்கிரம் வந்தால், மெல்லிய குழாய் செலுத்திக் கட்டியை உறிஞ்சியோ மருந்தால் கரைத்தோ எடுக்க வாய்ப்பு அதிகம். சிலருக்கு அறுவை சிகிச்சை செய்துதான் எடுப்பார்கள்.

"கட்டிதான் போய்விட்டதே, பலூன் எதற்கு? பில்லை ஏற்றவா?" என்று சண்டைக்கு வருகிறார்கள். ஐயா, குறுகல் அப்படியே இருக்கிறதே! அதை பலூனால் விரிக்காவிட்டால் மறுபடியும் அடைத்துக்கொள்ளும். ஃபிஸ்டுலாவைக் காப்பாற்ற முடியாமல் போனால் கழுத்தில் குழாய். அதில் கிருமித்தொற்று பயம். புதிய ஃபிஸ்டுலா போட்டாலும் பழுக்க, அதாவது ஊசி குத்தும் அளவுக்குச் சிரை பருக்க, வாரக்கணக்கில் ஆகும்.

பெரும்பாலும் முன்கூட்டியே அறிகுறி தெரியும். ஊசி எடுத்த பிறகு ரத்தம் நிற்க வழக்கத்தைவிட நேரமாகிறதா, கை வீங்குகிறதா, மெஷினில் வீனஸ் பிரஷர் (ரத்தம் உடலுக்குத் திரும்பும் பக்கத்து அழுத்தம்) ஏறிக்கொண்டே போகிறதா என்று கவனியுங்கள். காலையும் இரவும் தொட்டுப் பாருங்கள். அதிர்வு இல்லையென்றால் எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். உடனே உங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு போன் செய்யுங்கள். அதிர்வு எப்போதிலிருந்து இல்லை, கடைசி டயாலிசிஸ் என்றைக்கு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

வேலூர் வெயிலில் வழியில் இளநீர்க் கடையைப் பார்த்தால் கால் நிற்கும். குடிக்காதீர்கள், அதில் பொட்டாசியம் அதிகம். அடைப்பால் டயாலிசிஸ் தள்ளிப்போகும் நேரத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.