29சி என்று போட்ட பனியன்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் சென்னையில் ஒரு கூட்டத்துக்குக் கால் தரையில் நிற்காது. 1639 ஆகஸ்ட் 22-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் பிரான்சிஸ் டே, துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், பேரி திம்மப்பாவின் துணையோடு, அந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல நாயக்கர்களிடமிருந்து கடலோரத்தில் ஒரு துண்டு நிலத்தை எழுதி வாங்கினார் அல்லவா, அந்த நாளைச் 'சென்னை தினம்' என்று கொண்டாடுகிறவர்கள் இவர்கள். அது ஆகஸ்டா ஜூலையா என்ற வழக்கே இன்னும் தீரவில்லை. மயிலாப்பூரும் திருவொற்றியூரும் இருக்க, வெள்ளைக்காரன் பத்திரம் வாங்கிய நாள்தான் ஊருக்குப் பிறந்தநாளா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நான் பேச வந்தது தேதியைப் பற்றி அல்ல, இந்தக் கூட்டம் எப்படிச் சேர்ந்தது என்பதைப் பற்றி.

2004-இல் இதைத் தொடங்கியவர்கள் மூன்று பேர்: எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசௌசா. அரசாணை எதுவும் இல்லை. மூவருமே பத்திரிகைக்காரர்கள் என்பதைக் கவனியுங்கள். முத்தையா 1991-லேயே 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' என்ற மாதமிருமுறை இதழைத் தொடங்கிவிட்டார். 2019-இல் அவர் மறைந்த பிறகும் அது நிற்கவில்லை. ஊரில் உள்ள நிறுவனங்கள் பல அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. டிசௌசா நடத்துவது 'மயிலாப்பூர் டைம்ஸ்'. வாரம்தோறும் வீட்டு வாசலில் இலவசமாக விழும் பேட்டைப் பத்திரிகை. எந்தத் தெருவில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எந்த சபாவில் யார் கச்சேரி, இதெல்லாம்தான் அதில் சேதி. பல வருஷம் இப்படிப் படித்துப் பழகிய வாசகர்கள் இருந்ததால்தான், 'ஞாயிறு காலை தெருவைச் சுற்றிப் பார்க்கப் போகலாம், வாருங்கள்' என்று கூப்பிட்டதும் ஆட்கள் வந்தார்கள். முதலில் தாள், பிறகுதான் திருவிழா. இந்த வரிசையை மாற்றிச் செய்து பார்த்த ஊர்க் குழுக்கள் பல, ஒரு விழாவோடு கலைந்ததை நான் கண்டிருக்கிறேன்.

எங்கள் பெரம்பூரில் நாங்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு நாலு பக்கச் செய்திமடல் போடுகிறோம். 1955-இல் நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டோம். மரியாதையாகப் படித்தார்கள், மடித்து வைத்தார்கள். அடுத்த இதழில், 'ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதியதும் சைக்கிள் கூட்டம் எந்தத் தெரு வழியாக வரும், ஞாபகம் இருக்கிறதா?' என்று ஒரு மூலையில் நாலே வரி கேட்டிருந்தோம். அதற்கு வந்ததே பதில்! ரிட்டயரான பெரியவர் ஒருவர் கடிதம் எழுதப் பொறுமை இல்லாமல் நேரிலேயே வந்து, தாள் கேட்டு வாங்கி, தெருக்களைக் கோடு கிழித்துக் காட்டினார். அவர் சொன்னது தவறு என்று எதிர்வீட்டுக்காரர் அடுத்த வாரம் வந்தார். இருவரையும் அதற்குப் பிறகு எங்கள் எந்தக் கூட்டத்திலும் பார்க்காமல் இருந்ததில்லை.

ரஜினிகாந்த் திறந்துவைத்த பிருந்தா தியேட்டர் மூடப்பட்டபோதும் இரங்கல் கட்டுரை எழுதவில்லை. பழைய டிக்கெட் துண்டு யாரிடமாவது இருந்தால் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டோம். ஊரைப் புகழ்ந்தால் ஊரார் தலையாட்டுவார்கள். ஊரைப் பற்றிக் கேட்டால்தான் வாயைத் திறப்பார்கள்.

இன்னொன்று, மடல் சொன்ன தேதியில் வந்தாக வேண்டும். சம்பளத் தேதி மாதிரி. நாலு பக்கத்துக்குச் சரக்கு இல்லையென்றால் இரண்டு பக்கம் போடலாம், தேதியைத் தள்ளக் கூடாது.

சரி, பனியனுக்கு வருவோம். நீங்கள் டீ-சர்ட் என்று சொல்லிக்கொள்ளுங்கள். வாங்குவது திருப்பூர் சரக்குதான், 180 ஜிஎஸ்எம் பருத்தி, அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணி. 'ஐ லவ் சென்னை' என்று போட்ட பனியன் சுற்றுலா வருபவருக்கு. உள்ளூர்க்காரர் அதை வாங்கினால் வெளியூர்ச் சொந்தத்துக்குக் கொடுக்கத்தான் வாங்குவார். எங்கள் பனியனின் நெஞ்சில் '29சி' என்று மட்டும் இருக்கும். வேறு ஒன்றும் கிடையாது. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் பஸ். கல்லூரிக்கு, வேலைக்கு, முதல் காதலுக்கு என்று எங்கள் பக்கத்துப் பாதி ஜனம் தொங்கிக்கொண்டு போன பஸ். தெரியாதவருக்கு அது வெறும் எண். தெரிந்தவர் ரயில்வே பிளாட்பாரத்தில் அதைப் பார்த்தால், 'நீங்க பெரம்பூரா?' என்று கிட்டே வந்துவிடுவார். மடலால் பழகிய முகங்கள் வெளியே ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள ஒரு குறி வேண்டும், அவ்வளவுதான் பனியனின் வேலை.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பிரேம் கட்டியாக வேண்டும். கறுப்புத் துணி என்றால் வண்ணம் எடுப்பாகத் தெரிய அடியில் வெள்ளை மசி ஒரு பூச்சு போட்டுக் காயவைத்து, அதன்மேல் அடிக்க வேண்டும். அதற்குத் தனிக் கூலி. ஆகஸ்ட் புழுக்கத்தில் கறுப்பைப் போட்டுக்கொண்டு யார் தெரு சுற்றுவது என்பது வேறு விஷயம். அதனால் வெளிர் துணி, ஒரே வண்ணம். முன்பணம் வாங்கி, சைஸ் எழுதிக்கொண்டு, அப்புறம்தான் அச்சுக்குக் கொடுப்பது. கணக்கில்லாமல் அடித்துக் குவித்தவர் வீட்டுப் பரணைப் பாருங்கள், எல்லாம் ஸ்மால் சைஸாகவே இருக்கும். பனியனில் மிஞ்சுகிற காசு மடலின் காகிதச் செலவுக்குப் போகிறது. இந்த வானொலிப் பேச்சில் விளம்பரம் கூடாது என்பதால் விலையைச் சொல்லவில்லை.

நான் சொன்னதற்கு நேர் எதிரான உதாரணமும் உலகத்தில் இருக்கிறது. 'ஐ லவ் நியூயார்க்' என்பதில் 'லவ்' என்ற சொல்லுக்குப் பதிலாக நிற்கும் அந்தச் சிவப்பு இதயம். 1975-இல் அந்த நகரம் திவாலின் விளிம்புக்குப் போய் வந்தது. சுற்றுலாப் பயணிகளை இழுக்க மாநில அரசு எடுத்த முயற்சிக்கு 1977-இல் மில்டன் கிளேசர் என்ற வடிவமைப்பாளர் வரைந்தது அது. டாக்சியில் போகும்போது ஒரு காகித உறையில் கிறுக்கியது, கூலியும் வாங்கவில்லை. வெளியூர்க்காரருக்காகச் செய்த விளம்பரத்தை உள்ளூர்க்காரர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அதே இதயத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புத் தீற்றலை வைத்து, 'முன்னைவிட அதிகமாக' என்ற சொற்களைச் சேர்த்து வரைந்தார் கிளேசர். ஊர் அடிபட்டபோதுதான் அந்தக் குறி ஊருடையது ஆயிற்று என்பது என் எண்ணம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். மியூசிங்ஸ், டைம்ஸ் என்று நான் சொன்ன பெயர்களைப் பார்த்தாலே தெரியும், இந்தப் பேச்சு நெடுநாள் ஆங்கிலத்தில்தான் நடந்தது. தென்சென்னை வாசனையும் கொஞ்சம் தூக்கல். வடசென்னையின் புளியந்தோப்பு, வியாசர்பாடி, காசிமேட்டுக்கு அது எட்டவில்லை. அதனால் எங்கள் மடல் தமிழில் மட்டும்தான், அதுவும் பேட்டைத் தமிழில். பனியனிலும் ஆங்கில 'சி' வேண்டாம், தமிழில் '29சி' என்றே போடு என்றார்கள் இளவட்டங்கள். போர்டில் இருப்பதுபோல் ஆங்கிலமே இருக்கட்டும் என்றார்கள் பெரியவர்கள். வாக்கெடுப்பு வைத்தோம், தமிழ் ஜெயித்தது. தோற்றவர்கள் இந்த வருஷம் 'மெட்ராஸ்' என்று போட வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறார்கள், எழுத்து தமிழாகவே இருக்கட்டுமாம். அடுத்த ஞாயிறு அதற்கு வாக்கெடுப்பு.

நன்றி, வணக்கம்.